ஒரே வானம், இரண்டு சம்பளம்

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசலாம், சினிமா பேசலாம், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்றுகூடப் பேசலாம். யூனியனைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. அது அம்மா போட்ட சட்டம். அப்பா சுபாங் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். 1979ஆம் ஆண்டில் அவருக்கு 25 வயது. அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அந்த வருடத்தின் பயம் அம்மாவை விட்டு இன்னும் போகவில்லை.

அந்தச் சட்டம் சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு உடைந்தது. உடைத்தவன் என் தம்பி. எனக்குப் பத்து வயது இளையவன், ஜெட் விமானத்தில் துணை விமானி. எதிரே உட்கார்ந்திருந்தவன் சித்தப்பா மகன். வீட்டில் எல்லாருக்கும் அவன் ‘சின்னவன்’தான். அவனும் விமானிப் பயிற்சி முடித்தவன். ஒன்றரை வருடமாக வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். சித்தப்பா இபிஎப் பணத்தை எடுத்து, வீட்டை அடகு வைத்து, மீதிக்கு வங்கிக் கடனும் வாங்கியிருந்தார். எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. அந்த வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான்.

“அடுத்த வாரம் எங்க சங்கத்துல ஓட்டெடுப்பு” என்றான் தம்பி, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே. “குட்டி விமானத்துக்குத் தனியா ஒரு கம்பெனி ஆரம்பிக்கப் போறாங்களாம். குறைஞ்ச தூரம் பறக்கிறதை எல்லாம் அதுக்குக் கொடுத்துடுவாங்களாம். விமானிங்க சம்பளமும் வேற, ஒப்பந்தமும் வேற.”

“அப்ப ஆள் எடுப்பாங்க இல்ல?” சின்னவன் கண்ணில் வெளிச்சம் வந்தது.

“எடுப்பாங்க. ஆனா நாங்க வேண்டாம்னு ஓட்டுப் போடத்தான் போறோம்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அப்பா தலை நிமிரவில்லை.

*

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. நான் கணக்காளர். எனவே முதலில் அதன் கணக்கைப் பார்த்தேன்.

ஏடிஆர் 72 ரக விசிறி விமானத்தில் சுமார் 70 பேர் உட்காரலாம். போயிங் 737-800 ரகத்தில் 160 பேருக்கு மேலும் உட்காரலாம். ஆனால் இரண்டிலும் விமானி அறையில் இருப்பது இரண்டே பேர்தான். பாதி விமானம் என்பதற்காக ஒரு விமானியை மட்டும் வைத்துப் பறக்க முடியாது. ஆகவே ஒரே சம்பளம் கொடுத்தால், சிறிய விமானத்தில் ஒரு பயணிக்கு விழும் விமானிச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல். சிறிய விமானத்தை ஓட்ட, சம்பளம் குறைந்த விமானிகள் வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்பதன் காரணம் இதுதான்.

அதே சம்பளத்தைக் கேட்டால் அந்தச் சேவையே இல்லாமல் போகலாம். சரவாக்கின் மலைப்பகுதியில் இருக்கும் பாரியோவுக்கு 19 பேர் ஏறும் டுவின் ஓட்டர்தான் போகும். அதற்கு ஜெட் விமானியின் சம்பளக் கணக்கு ஒத்துவராது. இதுவரை நிர்வாகம் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் விமானிகளின் பயம் வேறு. இன்றைக்கு 70 பேர் விமானம். நாளைக்கு அதே தனி நிறுவனத்துக்கு 100 பேர் ஏறும் ஜெட் வாங்கினால்? வேலை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விடும். பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள் கேப்டன் ஆவதற்குக் காத்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில், ‘அவர்கள் பாதிச் சம்பளத்தில் பறக்கிறார்களே’ என்று இவர்களிடமே சொல்வார்கள்.

விமானித் தொழிலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. எங்களைப் போன்றவர்கள் பத்து வருட அனுபவத்தோடு வேறு அலுவலகத்துக்குப் போனால் சம்பளம் ஏறும். பல விமான நிறுவனங்களில் எல்லாமே பணிமூப்புப் பட்டியல்தான். சேர்ந்த தேதிதான் வரிசை. கேப்டன் பதவி, எந்த விமானம், எந்தத் தடம், தீபாவளிக்கு விடுமுறை கிடைக்குமா என்பது வரைக்கும் அந்த வரிசை முடிவு செய்யும். நிறுவனம் மாறினால் மறுபடியும் கடைசி ஆளாக நிற்க வேண்டும். அதனால்தான் தனி நிறுவனம், தனிப் பட்டியல் என்றால் விமானிகள் கொதிக்கிறார்கள்.

*

அமெரிக்காவில் இந்தச் சண்டை 1990களிலேயே சூடுபிடித்துவிட்டது. 50 பேர் உட்காரும் சிறிய ஜெட்கள் வந்த காலம் அது. பெரிய நிறுவனங்கள் குறுகிய தடங்களைச் சிறிய நிறுவனங்களுக்குக் கொடுத்தன. விமானத்தின் மேல் பெரிய நிறுவனத்தின் வண்ணம், டிக்கெட்டிலும் அதன் பெயர். விமானிகளுக்கு மட்டும் வேறு முதலாளி. பெரிய நிறுவன விமானிகள் தங்கள் ஒப்பந்தத்தில் ‘ஸ்கோப்’ என்ற விதியை வைத்து வேலி போட்டார்கள். வெளியே கொடுக்கும் விமானத்தில் இத்தனை இருக்கைதான், இத்தனை எடைதான் என்பது அந்த வேலி. இன்று அங்குள்ள மூன்று பெரிய நிறுவனங்களிலும் அந்த எல்லை 76 இருக்கை.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இருந்தார்களா? டெல்டா நிறுவனத்தின் துணை நிறுவனமான காம்ஏர் விமானிகள் 2001ல் 89 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதில் வேடிக்கை, டெல்டா விமானிகளும் காம்ஏர் விமானிகளும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். அதே 2001ல் சிறிய நிறுவன விமானிகள் சிலர் தங்கள் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். ‘பெரியவர்களைக் காப்பாற்ற எங்கள் வளர்ச்சிக்குக் கூரை போடுகிறீர்கள்’ என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எங்கள் வீட்டு மேசையில் தம்பியும் சின்னவனும் உட்கார்ந்திருந்த மாதிரிதான்.

2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். பயணிகள் வாங்கியது கான்டினென்டல் டிக்கெட். பறந்தது கோல்கன். விமானத்தின் வேகம் குறைந்தபோது கேப்டன் எடுத்த தவறான நடவடிக்கைதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அதே விசாரணையில்தான் சிறிய நிறுவன விமானிகளின் வாழ்க்கை வெளியே தெரிந்தது. துணை விமானியான இளம்பெண் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, இரவோடு இரவாக நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பறந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதன் பிறகு சட்டம் மாறியது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்ற விதி 2013ல் நடைமுறைக்கு வந்தது. எந்த நிறுவனம் உண்மையில் பறக்கிறது என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்ல வேண்டும் என்பதும் சட்டமானது.

*

நம் நாட்டிலும் இது நடக்காமல் இல்லை. 2005ல் மாஸ் நிறுவனத்துக்குச் சுமார் 130 கோடி வெள்ளி நட்டம். 2006 ஆகஸ்டு 1 முதல் உள்நாட்டுத் தடங்களில் பெரும்பாலானவை ஏர் ஆசியாவிடம் போயின. சபா, சரவாக் உட்புறச் சேவை, ஃபோக்கர் 50, டுவின் ஓட்டர் விமானங்களோடு ஃபேக்ஸ் என்ற புதிய நிறுவனத்துக்குப் போனது. 14 மாதம்தான் தாங்கியது. 2007 அக்டோபர் 1 அன்று அந்தச் சேவை மாஸின் துணை நிறுவனமான மாஸ்விங்ஸிடம் வந்தது. அதே 2007ல் பினாங்கிலிருந்து பயர்பிளை பறக்கத் தொடங்கியது. அதுவும் மாஸின் துணை நிறுவனம்தான். சில மாதங்களில் சுபாங்குக்கும் வந்தது. 1998ல் கேஎல்ஐஏ திறந்தபின் ஓய்ந்துபோயிருந்த சுபாங்குக்கு விசிறி விமானங்கள்தான் மறுபடி உயிர் கொடுத்தன.

2011 தொடக்கத்தில் பயர்பிளை ஜெட்டும் ஓட்டியது. கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் போனது. ஆகஸ்டில் மாஸும் ஏர் ஆசியாவும் பங்கு மாற்றிக்கொண்டன. அந்த வருடம் முடிவதற்குள் பயர்பிளையின் ஜெட் சேவை நின்றது. மாஸ் ஊழியர் சங்கம் பங்கு மாற்றத்தை எதிர்த்தது. 2012 மே மாதம் அதுவும் ரத்தானது. 2015ல் மாஸ் புதிய நிறுவனமாக மாறியபோது சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேருக்கு இடமில்லை.

இந்தத் தேதிகளையெல்லாம் அப்பா விரல் நுனியில் வைத்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை இரவு இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு 1979க்கு வந்தார்.

விமான ஊழியர் சங்கத்துக்கும் மாஸ் நிர்வாகத்துக்கும் இடையே அப்போது ஒப்பந்தத் தகராறு. விதியில் உள்ளதை மட்டும் செய்வோம் என்று ஊழியர்கள் வேலையை மெதுவாக்கினார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. சங்கத்தினரோடு, அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் பிரதிநிதி டொனால்ட் யூரனும் தடுத்து வைக்கப்பட்டார். சங்கத்தின் பதிவு ரத்தானது. 1980ல் தொழிலாளர் சட்டங்களும் இறுக்கப்பட்டன. சங்கக் கூட்டங்களுக்குப் போய்வந்த அப்பா அந்த மாதங்களில் இரவில் கார் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம்.

“பயத்துல தோக்கல” என்றார் அப்பா. “ஒரே விமானத்துக்கு வேலை செஞ்சோம். ஆனா பைலட் வேற, நாங்க வேற. அவங்க பிரச்சினை நமக்கென்னன்னு ஆளாளுக்கு இருந்தோம். அதுலதான் தோத்தோம்.”

*

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டியின் நினைவு வந்தது. பாட்டி கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், கொடுத்த நிரையில் வெட்டி, காண்டாவில் பால் சுமந்து வந்தவர். 1980களில் தோட்டத்தில் குத்தகைக்காரர் ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களுக்குக் கூலி குறைவு. லயத்தில் வீடு இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை. பாட்டிக்கு அவர்கள் மேல் கோபம் வந்ததாம். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு வெட்டுவதைப் பார்த்தாராம். “அவ மேல கோபப்பட்டு என்ன பண்றது? ஒரே மரம், ஒரே பாலு, ரெண்டு கூலி. அதை வச்சவன் வேற எங்கேயோ இருக்கான்” என்று சொல்வார்.

கிள்ளான் மண்ணுக்கு இது பழைய வழக்கு. 1941ல் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ரப்பர் தோட்டத்தையும் விமானி அறையையும் ஒன்றாக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். விமானியின் குறைந்த சம்பளம் பாட்டியின் கனவில்கூட வந்திருக்காது. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்ற கணக்கு மட்டும் அங்கிருந்து இங்குவரை மாறவில்லை.

இதை எழுதும்போது என்னையும் விட்டுவிட முடியாது. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், பில் பணம் கொடுக்கும் பிரிவை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறை கணக்குப் போட்டார்கள். எக்செல் தாளை நிரப்பியது நான்தான். மிச்சத் தொகையைப் பச்சை நிறத்தில் காட்டினேன். ஆறு பேர் வேலை போனது. இரண்டு பேர் அந்த வெளி நிறுவனத்திலேயே குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, அதே பில்களை அதே முறையில் பார்த்தார்கள். ஒருவர் கேஎல் சென்ட்ரலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியவில்லை.

*

ஓட்டெடுப்புக்கு முந்தின கூட்டம் முடிந்த மதியம் தம்பி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். முகம் வாடியிருந்தது.

“பேசிட்டேன்கா.”

“என்ன பேசினே?”

“குட்டி விமானம் வரட்டும். ஆனா ரெண்டு பட்டியல் வேண்டாம். ஒரே பணிமூப்புப் பட்டியல். அந்தப் பக்கம் சேர்றவன் முறை வந்தா இந்தப் பக்கம் ஏறி வரணும். சம்பளம் விமானத்துக்கு ஏத்த மாதிரி குறைவா இருக்கட்டும், ஆனா அவனும் நம்ம ஒப்பந்தத்துக்குள்ளதான் இருக்கணும். அப்படின்னா ஆதரிப்போம், இல்லன்னா எதிர்ப்போம்னு சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பாதிப் பேரு கை தட்டினாங்க. மீதிப் பேரு, உன் வீட்டு ஆளுக்கு வேலை வாங்கப் பேசறேன்னாங்க.” ரசத்தைக் குடித்துவிட்டு, “அதுல கொஞ்சம் உண்மைதானே?” என்றான்.

நான் அவனிடம் வேறொன்றைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சின்னவனின் கடனுக்கு ஜாமீன் நான். அந்தத் தனி நிறுவனம் வந்தால் என் தலைமேல் தொங்கும் கத்தி விலகும். ‘நிபந்தனை எதுவும் போடாமல் சரி என்று சொல்லேன்’ என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டிருந்தால் அவன் கேட்டிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

தம்பி சொன்ன நிபந்தனையைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. நிர்வாகம் ஏற்கவில்லை. ஒரே பட்டியல் என்றால் மிச்சமே இல்லை என்று சொல்லிவிட்டுத் திட்டத்தைத் தள்ளி வைத்தது. இன்றுவரை அது வரவில்லை. தம்பியின் வேலையும் பத்திரமாக இருந்தது.

சின்னவன் ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கார் ஓட்டிப் பிழைத்தான். நான்கு மாதம் அவன் வங்கித் தவணையை நான் கட்டினேன். சித்தப்பா ஒரு நாள் அப்பாவுக்கு போன் செய்து, “அண்ணே, உங்க புள்ளைங்களுக்குக் கொள்கை இருக்கு, எங்களுக்குக் கடன்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. தம்பி பேசியது சரிதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையை அவன் மட்டும் கொடுக்கவில்லை. சரியான காரியத்துக்கும் யாரோ ஒருவர் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த வருடம் சின்னவனுக்கு வெளிநாட்டில் விசிறி விமானத்தில் வேலை கிடைத்தது. தவணையை அவனே கட்டுகிறான். எனக்குத் தர வேண்டியதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிட்டான்.

போன தீபாவளிக்கு வந்திருந்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டே தம்பியிடம், “அண்ணே, அன்னிக்கு உங்க சங்கத்துல என்னமோ ஒரே பட்டியல்னு எழுதிக் கொடுத்தீங்களே, அது இன்னும் இருக்கா?” என்று கேட்டான். அவன் வேலை செய்யும் இடத்தில் இப்போது குறைந்த சம்பளத்தில் இன்னொரு நிறுவனம் தொடங்கப் பேச்சு நடக்கிறதாம்.

தம்பி மேலே போய்க் கணினியைத் திறந்தான். சின்னவனும் பின்னாலேயே ஏறினான். அம்மா அடுப்படியிலிருந்து, “இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்னு சொல்லியிருக்கேன் இல்ல?” என்று குரல் கொடுத்தார்.

“மேசையிலதானே பேசக்கூடாது? அவனுங்க மாடியில பேசறானுங்க” என்றார் அப்பா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத் தேநீர் கலந்து, மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.